எந்தக்கா

எங்கள் அலுவலகத்துக்கு வருகிற மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் எந்தக்கா. சொந்தப் பெயர் ஒன்று இருந்தது, நல்ல பெயர்தான், ஆனால் அதை இங்கே எழுதப் போவதில்லை. பட்டப்பெயரே அவளுக்குப் போதும். அவளும் அதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டதில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் பூமாலைக் கடைகளுக்குப் பின்புறம், ஒரு தையல் கடையின் மேல்மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களின் ஆய்வேடுகளைத் திருத்தி, பக்கம் ஒழுங்குபண்ணி, அட்டை போட்டுக் கொடுப்போம். பக்க எண், ஓர அளவு, மேற்கோள் பட்டியல் எல்லாம் என் பாடு. ஆங்கிலம் அவள் பாடு. முழு ஆங்கிலமும் என்று சொல்ல முடியாது. எழுத்துப் பிழை, காலப் பிழையையெல்லாம் போகிற போக்கில் திருத்திவிட்டுப் போய்விடுவாள். a, an, the என்கிற மூன்று துண்டுச் சொற்களுக்குத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள்.

நம்மவர்களுக்கு அந்தத் துண்டுச் சொற்கள் வராது. தமிழில் அப்படி ஒரு பழக்கம் இல்லை, மலாயிலும் இல்லை. அதனால் எழுதுகிறவர்கள் ஒன்று அவற்றை அறவே விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் பயந்துபோய் ரசத்துக்கு மிளகுத்தூள் போடுவதுபோல் எல்லா இடத்திலும் தூவிவிடுவார்கள். மலேசியாவுக்கு முன்னால் ஒரு the நிற்கும். எண்ணவே முடியாத evidence என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு an வந்து உட்கார்ந்திருக்கும். அவள் எதையும் தானாகத் திருத்த மாட்டாள். எழுதியவரை வரச்சொல்லி எதிரே உட்காரவைத்து, பெயர்ச்சொல்லின் மேல் ஆள்காட்டி விரலை வைப்பாள். பிறகு கேட்பாள்.

"எந்த?"

அவ்வளவுதான் கேள்வி. குரலை உயர்த்தவே மாட்டாள்.

"பொதுவா ஒரு ஸ்டடி லா அக்கா" என்பான் பையன்.

"அப்ப a. அடுத்த வரியில வர்றதும் அதே ஸ்டடியா?"

"ஆமாக்கா."

"அப்ப the. இப்ப நம்ம ரெண்டு பேருக்கும் அது யாருன்னு தெரிஞ்சிருச்சில்ல."

இதுதான் அவளுடைய முழு இலக்கணமும். a என்றால் இப்போதுதான் வாசலுக்கு வந்த ஆள். the என்றால் வந்தவர் யாரென்று சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். இரண்டும் போடாமல் விட்டால்? "அங்கதான் ஆளுங்க ஒளிஞ்சிக்குவாங்க" என்பாள். கேட்கும்போது சிரிப்பாக இருக்கும். மூன்றாவது தடவை அதே "எந்த?" நம்மைப் பார்த்து வரும்போது சிரிப்பு நின்றுவிடும். ஊரில் விரிவுரையாளராக இருக்கிற பெரிய மனிதர்களெல்லாம் அந்த நாற்காலியில் வியர்த்திருக்கிறார்கள். ஏசி நன்றாகத்தான் வேலை செய்தது.

எனக்கு அவளைப் பிடிக்கும். சேர்ந்து சாப்பிட்டோம், சேர்ந்து சினிமாவுக்குப் போனோம், என் மகனின் காது குத்துக்கு வந்து முழுநாளும் நின்றாள். ஆனால் அவள் பக்கத்தில் பேசும்போது வாயில் ஒரு காவல்காரன் நின்றதும் உண்மை. வாழை இலைக் கடையில் பரிமாறுகிற அண்ணன் "மீனு முடிஞ்சிருச்சுக்கா" என்றால்கூட "எந்த மீனு?" என்பாள். அந்த மனிதர் கடைசியில் வஞ்சிரம் மட்டும்தான் முடிந்தது, கெம்போங் மீன் உள்ளே இருக்கிறது, முதலாளிக்கு எடுத்து வைத்திருக்கிறோம் என்று ஒப்புக்கொண்டார். எங்களுக்குக் கெம்போங் வந்தது. அவர் அதற்குப் பிறகு எங்கள் மேசைக்கு வருவதை விட்டுவிட்டார்.

நான் கிள்ளான்காரி. அதை வைத்து என்னை ஓட்டுவாள். "உன் ஊருக்கு the கெடையாது. Klang-னா ஊரு, the Klang-னா ஆறு. தெரியாம the போட்டா உன்ன ஆத்துல தூக்கிப் போட்ட மாதிரி." ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கு என்று ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் the கட்டாயம் வரவேண்டும். ஏன் என்று கேட்டால், "தனியா இருந்தா மரியாத இல்லடி, கூட ஆள் சேந்தாத்தான்" என்று சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கும்போது அழகாக இருப்பாள். அது அடிக்கடி நடக்காது.

ஒருநாள் என் வீட்டுக்காரர் போனில், சுங்கை வேயில் ஒரு ஃப்ரெண்டைப் பார்த்துவிட்டு வருகிறேன், சாப்பாட்டுக்குக் காத்திருக்காதே என்றார். நான் போனை வைத்ததும் அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"‘ஒரு’ன்னா சொன்னாரு?"

"ஆமா, அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. கல்யாணமாகி இத்தன வருஷம் ஆச்சு. உனக்குத் தெரியாத ஃப்ரெண்டு இன்னும் இருக்காங்களான்னு பாத்தேன்."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் அது ஒரு பழைய மோட்டார் சைக்கிள் சமாச்சாரம். எனக்குச் சொல்லாமல் வாங்கப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். அவளிடம் போய் "பாத்தியா, வெறும் மோட்டார்" என்றேன். "மறைச்சாரா இல்லையா?" என்றாள். எரிச்சலாக வந்தது.

இன்னொரு முறை, செலாயாங்கிலிருந்து வந்த ஒருவரின் இரண்டாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "இந்த எடத்துல வேற யாரோ வந்து ஒக்காந்திருக்காங்க" என்றாள். அவர் எழுதிய மற்ற பக்கங்களில் துண்டுச் சொற்கள் தாறுமாறாகக் கிடந்தன. அந்தப் பகுதியில் மட்டும் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் கச்சிதமாக இருந்தது. நம்மவர் ஒருவருக்குத் திடீரென்று இப்படிச் சரியாக வராது என்பது அவள் கட்சி. அவர் கத்தினார், மேசையைத் தட்டினார், பிறகு ஆய்வேட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனார். தப்பை வைத்துத்தான் அவள் ஆளை நம்பினாள். சரியாக இருந்தால்தான் சந்தேகப்பட்டாள்.

இவ்வளவு பேசுகிறவள் தன் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசும்போது மட்டும் "அவரு" என்பதோடு நின்றுவிடுவாள். பெயரைச் சொல்ல மாட்டாள். அந்தக் காலத்துப் பெண்கள் மாதிரி இதென்னடி என்று நான் கிண்டல் செய்ததுண்டு. "அவருன்னாலே ஒருத்தர்தானே, பேரு எதுக்கு?" என்பாள். அவர் கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு பசைத் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்து, அங்கேயே இறந்துபோனவர். அடைத்துக்கொண்ட ரசாயனத் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறார். உள்ளே விஷக்காற்று. தீபாவளிக்கு முந்தின வாரம். மகள் அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை.

தொழிற்சாலைக்காரர்கள் வந்து பேசியதை அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். "எல்லாத்துக்கும் ‘ஒரு’ போட்டாங்கடி. ஒரு டேங்க்காம், ஒரு கோளாறாம், யாருக்கும் தெரியாதாம். ஒரு தொழிலாளி பெர்மிட் வாங்காம தானா எறங்கிட்டாராம். கேட்டுக்கிட்டே இருக்கேன், எனக்குத் தெரிஞ்சது எதுவுமே அந்தப் பேச்சுல இல்ல. யாரு வீட்டுக் கதையையோ சொல்றாங்கன்னு நெனச்சேன்."

அவர் தானாக இறங்கிவிட்டார் என்பதுதான் அவளைத் தின்றது. அன்று காலை வீட்டில் சண்டை. தீபாவளிக்கு லீவு எடுக்கவில்லை என்று இவள் வாய்க்கு வந்ததைப் பேசி, அவர் சாப்பிடாமல் கிளம்பிப் போயிருக்கிறார். "நீ வாய வுட்டு அனுப்புன, அவன் மனசு அவன்கிட்ட இல்ல, போயி எறங்கிட்டான்" என்று மாமியார் துக்க வீட்டிலேயே சொல்லிவிட்டார். யாராவது இறங்கச் சொல்லி இறங்கினாரா, சண்டை போட்ட புத்திக் கலக்கத்தில் தானாக இறங்கினாரா? தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவள் ஊரையெல்லாம் "எந்த?" என்று கேட்டுக்கொண்டிருந்தது இதனால்தான் என்று எனக்குத் தோன்றும். அவளிடம் சொன்னதில்லை.

ஒரே ஒருமுறை அவர் பெயருக்குப் பக்கத்தில் வந்தாள். வெளிநாட்டு மாணவன் ஒருவன் நன்றியுரையில் நம் ஊர்ப் பேராசிரியரின் பெயரை எழுதியிருந்தான். நடுவில் வருகிற a/l என்பதை, இன்னாருடைய மகன் என்று நம் அடையாள அட்டையில் போடுகிறார்களே அதை, ஆர்ட்டிகிள் பிழை என்று நினைத்து அவன் கணினி அழித்துவிட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அது அவங்க அப்பாவோட எடம். அத எடுக்கக்கூடாது" என்று சொல்லி, நிதானமாக மறுபடி போட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, "பேருக்கு முன்னாடி எதுவும் வராதுடி. பேரு வந்துட்டா a-வும் வேணாம், the-வும் வேணாம்" என்றாள்.

அந்த மனிதர் வந்தது அதற்குச் சில மாதம் கழித்து.

தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரி. வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் படித்தார். எங்கள் வயதுதான் இருக்கும், ஆனால் வந்ததுமே எங்கள் இருவரையும் அக்கா என்றார். கையில் கயிறு, நெற்றியில் திருநீறு, பேச்சில் பணிவு. வரும்போதெல்லாம் தெருமுனைப் பலகாரக் கடையிலிருந்து கறி பப் வாங்கி வருவார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று, அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அவர் ஆய்வேட்டின் தலைப்பு, வேலையிடத்து விபத்துகளில் தொழிலாளியின் மனப்போக்கு.

பக்கம் ஒழுங்குபண்ண கோப்பு முதலில் என்னிடம்தான் வந்தது. நான்காம் அத்தியாயத்தில் ஒரு விபத்தை விவரித்திருந்தார். தொழிற்சாலையின் பெயர் இல்லை. ஆனால் மேரு இருந்தது. பசை இருந்தது. அடைத்துக்கொண்ட தொட்டி இருந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் என்பதும் இருந்தது. கோப்பை அப்படியே மூடிவிட்டு அவளிடம் போனேன்.

"இந்த ஆள் வேலைய வெளியில குடுத்துடலாம்டி. உனக்கு நெறைய வேலை கெடக்கு" என்றேன்.

"எந்த வேலை?" என்றாள்.

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். கோப்பை ஏற்கெனவே திறந்திருந்தாள். Worker entered tank என்ற வரியின் மேல் விரல் இருந்தது.

"பாரு, ஒரு ஆர்ட்டிகிளும் இல்ல. யாரு வேணும்னாலும் எந்த டேங்க்லயும் எறங்கிக்கலாம்" என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த ஒன்றுமில்லாத முகம்தான் என்னைப் பயமுறுத்தியது.

சனிக்கிழமை மதியம் அவரை வரச்சொன்னாள். நான் என் மேசையில் உட்கார்ந்து வேலை செய்வதுபோல் பாவனை செய்தேன். ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் போனது. அவள் விரலை வைத்தாள்.

"எந்த வொர்க்கர்?"

"பொதுவா ஒருத்தர்க்கா. பேரு போடக்கூடாது, எதிக்ஸ் கமிட்டில சொல்லிருக்காங்க."

"பேரு கேக்கல தம்பி. ஒருத்தரா, பல பேரா?"

"ஒருத்தர்தான்."

"அப்ப a worker. எந்த டேங்க்?"

"அங்க நெறைய டேங்க் இருக்குக்கா. ஆனா அடைச்சிக்கிட்டது ஒண்ணுதான்."

"அடைச்சிருக்குன்னு எல்லாருக்கும் தெரியுமா? தெரிஞ்சிருந்தாத்தான் the போட முடியும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். ஆங்கில இலக்கணத்தை நினைத்து யோசித்தாரே தவிர வேறெதையும் நினைக்கவில்லை. "தெரியும்க்கா. அதுக்கு முந்தின ஷிஃப்டுலேயே சொல்லிட்டாங்க" என்றார்.

"அப்ப the tank" என்று சொல்லித் தட்டச்சு செய்தாள். யாருக்கும் தெரியாது என்று அவள் வீட்டுக்கு வந்து சொன்ன கோளாறு அது.

நான் இருமினேன். டீ வேண்டுமா என்று கேட்டேன். இருவரும் வேண்டாம் என்றார்கள். அடுத்த வரி, நாற்றம் வருவதாக மேற்பார்வையாளரிடம் சொல்லப்பட்டது என்பது. அதிலும் துண்டுச் சொல் கிடையாது.

"எந்த சூப்பர்வைசர்?"

"அந்த ஷிஃப்டுக்கு ஒருத்தர்தான்க்கா."

"அப்ப the. ஆனா இவரப் பத்தி முன்னாடி எங்கயும் வரலியே. படிக்கிறவங்களுக்கு யாருன்னு தெரியாதே."

"எனக்குத் தெரியும்க்கா."

"உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா பத்தாது தம்பி. ரெண்டு பேருக்கும் தெரியணும். அதுக்குத்தான் the."

அவர் கறி பப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் காகிதத்தில் ஊறியிருந்தது. பிறகு, யாராவது கேட்பார்கள் என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தவர்போல், "நான்தான்க்கா அது" என்றார்.

அவள் கை நிற்கவில்லை. the என்று அடித்தாள். மூன்று எழுத்துச் சத்தமும் எனக்குத் தனித்தனியாகக் கேட்டது.

"அடுத்தது. Instruction was given. எந்த இன்ஸ்ட்ரக்‌ஷன்?"

"அது... பெர்மிட் வர்ற வரைக்கும் நிக்க வேணாம், எறங்கிப் பாருன்னு. மேலேருந்து அவசரப்படுத்திக்கிட்டே இருந்தாங்கக்கா. அது தேவையா?"

"எனக்கு அதெல்லாம் தேவையில்ல. a-வா the-வான்னு தெரிஞ்சாப் போதும். ஒரு தடவதான் சொன்னீங்களா?"

"ஒரு தடவதான்."

"அப்ப the."

அவர் போன பிறகு அவள் எழுந்துபோய்க் குவளையைக் கழுவினாள். கழுவிய குவளையையே மறுபடி கழுவினாள். நான் பின்னால் போய் நின்றேன்.

"தெரிஞ்சேதான் கேட்டியா?"

"மொத வரியிலயே தெரிஞ்சிருச்சுடி."

"சரி, இப்பத்தான் உண்ம வந்திருச்சில்ல. அவரு தானா எறங்கல. எறங்கச் சொல்லிருக்கான். உன் மேல ஒண்ணும் இல்ல. இத்தன வருஷம் தூக்கிச் சொமந்தியே, எறக்கி வெச்சிடு."

அவள் குவளையைக் கவிழ்த்து வைத்தாள். "சொன்னது யாருன்னு தெரிஞ்சிருச்சு. அவரு ஏன் ஒத்துக்கிட்டாருன்னு தெரியல. வீட்டுல கேஸ் அடுப்ப நாலு தடவ தொட்டுப் பாத்துட்டுத்தான் வெளிய கெளம்புவாரு. பெர்மிட் இல்லாம எறங்குற ஆள் இல்ல அவரு. யாரு சொன்னாலும் எறங்க மாட்டாரு."

"போதும்டி" என்றேன். "கேட்ட வரைக்கும் போதும். விட்டுடு."

அவள் என்னைப் பார்த்தாள். பாதி வாக்கியத்தில் நிறுத்தச் சொன்னால் அவளுக்கு வருமா? அன்று நான் அவள் கையைப் பிடித்து இன்னும் நன்றாகச் சண்டை போட்டிருக்கலாம். இன்னும் கேட்டால் என்ன பதில் வருமோ என்று எனக்குப் பயமாக இருந்தது, அதை வெளியே சொல்லவும் பயமாக இருந்தது.

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கடைசியில் சொல்ல மனம் வராது. அந்த மனிதர் தன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டார். இறங்கச் சொன்னது தான்தான் என்று போகவேண்டிய இடத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டதாக எனக்குப் போன் செய்தார். "அக்காகிட்ட சொல்லிடுங்கக்கா" என்றார். சொல்வதற்கு அக்கா அங்கே இல்லை. அவள் வேலையை விட்டு நின்று, மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டை மாற்றிப் போயிருந்தாள். என் போனை எடுக்கவில்லை. நாற்காலியில் போட்டிருந்த பஞ்சுத் திண்டைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை. இப்போது அந்த வேலையைச் செய்கிற பெண் நன்றாகத்தான் செய்கிறாள். மாணவர்கள் யாரும் வியர்ப்பதில்லை.

இதற்கெல்லாம் முன், அந்தக் கடைசிச் சனிக்கிழமை, அவள் திருத்திவைத்த அத்தியாயத்தை வாங்கிப்போக அவர் வந்தார். பொட்டலத்தை என் மேசையில் வைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். அவள் தாளை அவர் பக்கம் நகர்த்தி, "சத்தமா படிங்க தம்பி, காதுல விழுந்தாத்தான் தப்பு தெரியும்" என்றாள். எல்லா மாணவர்களிடமும் சொல்வதுதான். அவர் படித்தார். துண்டுச் சொற்களெல்லாம் இருந்ததால் இப்போது வாசிக்கவே தெளிவாக இருந்தது. அந்தத் தொட்டி, அந்த மேற்பார்வையாளர், அந்த உத்தரவு. கடைசி வரியில் the worker என்று இருக்க வேண்டிய இடத்துக்கு வந்ததும் குரல் தடுமாறியது. அங்கே வேறு ஏதோ இருந்தது. படித்துக்கொண்டிருந்த வேகத்தில் அதையும் வாய்விட்டுப் படித்துவிட்டார்.

"குணசேகரன் a/l பெருமாள்."

இத்தனை வருஷப் பழக்கத்தில் அந்தப் பெயரை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அவள் வாயிலிருந்து அல்ல, இறங்கச் சொன்னவர் வாயிலிருந்து.

அவர் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "அக்கா, இது... இதுக்கு முன்னாடி ஒண்ணும் போடலியே" என்றார். என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல் பேசினார்.

"பேருக்கு முன்னாடி எதுவும் வராது தம்பி."

"நீங்க அவரோட..."

"ஆமா."

அவர் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "நான் துக்கத்துக்கு வந்திருக்கணும்க்கா. போவக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஒவ்வொரு வருஷமும் தீபாவளிக்கு..." என்று என்னென்னவோ சொன்னார். அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அவள் அழவில்லை. அவர் முடிக்கும்வரை பொறுமையாக இருந்தாள். எந்த மாணவனுக்கும் அவ்வளவு நேரம் கொடுத்ததில்லை.

"அதெல்லாம் அப்புறம்" என்றாள். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பெர்மிட் இல்லாம எறங்குற ஆள் இல்ல அவரு. நீங்க சொன்னதும் ஏன் ஒத்துக்கிட்டாரு?"

அந்த நேரத்தில் அவர் பொய் சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. மிரட்டினேன், வேலையைவிட்டு எடுத்துவிடுவேன் என்று சொன்னேன், அதனால் இறங்கினார் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பாவம், அவர் பொய் சொல்கிற நிலையில் இல்லை. இனி எதையும் மறைக்கக்கூடாது என்கிற வெறியில் இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதைக் கேட்டால் அவள் மனம் ஆறும் என்றுகூட நினைத்திருப்பார்.

"மொதல்ல மாட்டேன்னுதான்க்கா சொன்னாரு. பெர்மிட் வர சாயந்தரம் ஆயிடும்னேன். ஒடனே சரின்னுட்டாரு. அன்னிக்குக் காலையிலேருந்தே அதே நெனப்பாத்தான் இருந்தாரு. ‘சீக்கிரம் முடிச்சிட்டு வீட்டுக்குப் போறேன் பாஸ், அந்தச் சண்டைய தீத்துட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்’னு சொல்லிட்டு எறங்கினாரு."

அந்தச் சண்டை.

அவள் ஆள்காட்டி விரல் மேசைமேல் வந்து நின்றது. வாய் திறந்தது. பழக்கத்தில் அந்தச் சொல் உதடுவரைக்கும் வந்துவிட்டதை நான் பார்த்தேன். வெளியே மோனோரயில் ஒன்று வந்து, நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

எந்தச் சண்டை என்று அவள் கேட்கவில்லை.